மூளைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

(வேளாங்கண்ணியில் நடந்த நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "உன் வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா, எல்லாரையும் தூங்க வெச்சிடாதே" என்றார். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். பிரியாணிக்கும் எனக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயிப்பது என்று பார்ப்போம்.

நான் நம் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். திருச்சியிலிருந்து இந்தக் கடற்கரை வரை உள்ள ஆஸ்பத்திரிகளிலும் ஸ்கேன் சென்டர்களிலும் சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களைப் பொருத்துவது, பழுது பார்ப்பது, அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில். டாக்டர் அல்ல. ஊரில் யாருக்காவது தலைவலி என்றால் என்னிடம் பிலிமைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பிலிம் எடுக்கிற மெஷினைத்தான் எனக்குத் தெரியும், பிலிமைத் தெரியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். இன்றைக்கும் அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசப் போகிறேன்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள். தகட்டில் செய்த கண், கை, கால், இதயம், தொட்டில், வீடு எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். அவற்றில் தலை உருவமும் உண்டு. அதை வாங்குகிறவர்களில் சிலர், எதற்கு என்று கேட்டால் தலைவலி என்பார்கள். பழகியவர்கள் என்றால் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்வார்கள்: பிள்ளைக்கு வலிப்பு. நம் பக்கத்தில் சொல்கிற மாதிரி சொன்னால் காக்காய் வலிப்பு.

குரலைத் தாழ்த்தக் காரணம் இருக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணம் நின்றுபோகும். பையனாக இருந்தால் வேலை போகும். நம் இந்து திருமணச் சட்டத்திலேயே, திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற வாசகம் 1999 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது. தெருவிலிருந்து இன்னும் போகவில்லை.

இந்த வலிப்பு வந்த தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க 1970க்கு முன்னால் நல்ல வழியே கிடையாது. எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், மூளை தெரியாது. 1971ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற எஞ்சினியர் (கவனியுங்கள், எஞ்சினியர்) செய்த சி.டி. ஸ்கேனரில் முதல் நோயாளியைப் படம் பிடித்தார்கள். 1979ல் அவருக்கும் கார்மக் என்ற இயற்பியலாளருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி. நம் நாட்டுக்கு வந்து பரவத் தொடங்கிய பிறகு, 1980களில் இங்குள்ள டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். வலிப்பு என்று வருகிற இளைஞர்கள், குழந்தைகள் பலரின் ஸ்கேனில் ஒரே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. சில சமயம் மோதிரம் மாதிரி வளையம். ரத்தத்தில் செலுத்திய மருந்து அந்த இடத்தில் கசிந்து தேங்குவதால் அப்படி வெளுப்பாகத் தெரிகிறது. சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். மற்றபடி ஆள் நன்றாக இருப்பார்.

அது என்ன? காசநோய் மலிந்த நாடு நம்முடையது. மூளையிலும் டி.பி. கட்டி வரும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே டி.பி. கட்டி என்று முடிவு கட்டி, ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் புள்ளி காணோம்! மருந்து வேலை செய்தது, நோய் டி.பி.தான், சந்தேகமே இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பொறியியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் உஷாராக வேண்டும். மருந்து கொடுத்தோம், புள்ளி மறைந்தது. சரி. மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் மறைந்திருக்காதா? அதை யாராவது பார்த்தார்களா? பார்த்தவர்களும் இருந்தார்கள். டி.பி. மருந்து இல்லாமலேயே இந்தப் புள்ளிகள் சில மறைவதை 1985ல் டெல்லி மருத்துவர்கள் எழுதினார்கள். அப்படியென்றால் அது டி.பி.யா, வலிப்பினாலேயே ஏற்பட்ட வீக்கமா, வேறு ஏதாவதா? ஆளுக்கொரு கருத்து. ஸ்கேன் படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை வராது. புள்ளி இருக்கிறது என்றுதான் படம் சொல்லும். அதன் பெயரை அது சொல்லாது.

விடை நம் வேலூரிலிருந்து வந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. அதே துறையில் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்தக் கட்டியையே வெளியே எடுத்துப் பார்ப்பது என்று இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பொருளை, மூளைக்குள், இடம் தவறாமல் போய் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது அவர்கள் பார்த்தது பெரும்பாலும் டி.பி. இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு! 1989ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு விரிவாக எழுதினார்கள்.

பிறகு எல்லாம் பொருந்தியது. இளம்புழு உயிரோடு இருக்கும்வரை உடம்பின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு சும்மா கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறது. அப்போது வீக்கம், அப்போது வலிப்பு, அப்போது ஸ்கேனில் வெள்ளை வளையம். சில மாதத்தில் புழு கரைந்துபோகிறது. மாத்திரை போட்டாலும் போகும், போடாவிட்டாலும் பலருக்குப் போகும். டி.பி. மாத்திரைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அந்த மாத்திரைகளோ ஈரலைப் பாதிக்கக்கூடியவை, வலிப்பு மருந்தோடு மோதக்கூடியவை.

அவர்கள் இதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புள்ளி உள்ள எல்லோருடைய மண்டையையும் திறந்துகொண்டிருக்க முடியாது அல்லவா? திசுவில் உறுதி செய்ததை வைத்துக்கொண்டு, படத்திலேயே கண்டுபிடிக்கச் சில விதிகள் வகுத்தார்கள். ஒரே ஒரு புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளப்படவில்லை, நோயாளிக்கு வலிப்பைத் தவிர கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது போன்ற தொல்லை இல்லை, உடம்பில் வேறெங்கும் நோய் இல்லை. இவ்வளவும் பொருந்தினால் அது புழுக்கட்டியாகவே இருக்கும். வலிப்பு மருந்து கொடுத்து, காத்திருந்து, மறுபடி ஸ்கேன் எடுங்கள். அந்த விதிகளைப் புதிய நோயாளிகளிடம் வைத்துச் சோதித்து 1997ல் வெளியிட்டார்கள். எத்தனை பேர் இதனால் தேவையில்லாத அறுவையிலிருந்தும், தேவையில்லாத ஒன்றரை வருட மாத்திரையிலிருந்தும் தப்பித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு வேண்டியிருந்தது சாதாரண சி.டி.தான்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். படம் வடிவத்தைக் காட்டுகிறது. அந்தப் புள்ளிக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது, என்ன எரிகிறது, என்ன தேங்குகிறது என்று தெரிந்தால் திறக்காமலே பெயர் சொல்லலாமே? எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி செய்ய முயல்வது அதைத்தான்.

காரைக்கால் பண்பலையை 100.3ல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே சுலபமாகச் சொல்லிவிடலாம். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நம் தலையை வைத்தால், உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பத் தயாராக நிற்கும். பண்பலைக்குக் கொஞ்சம் கீழே. நாம் ஒரு ரேடியோ அலையைத் தட்டிவிட்டால் பதிலுக்குப் பாடும். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் ஒரு சுருதியில் பாடும். நரம்பணுக்களுக்குள் என்.ஏ.ஏ. என்று ஒரு பொருள் இருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் 170 ஹெர்ட்ஸ் தள்ளிப் பாடும். 64 மில்லியனில் 170! அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிரித்துக் கேட்க முடிந்தால், நரம்பணு எவ்வளவு உயிரோடு இருக்கிறது, லாக்டேட் தேங்கியிருக்கிறதா, கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரு வரைபடத்தில் தனித்தனிச் சிகரமாக வந்து நிற்கும்.

டி.பி. கிருமியின் மேலுறை மெழுகு மாதிரிக் கொழுப்பால் ஆனது. டி.பி. கட்டியின் நடுப்பகுதியும் அப்படியே. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் ராகேஷ் குப்தாவின் குழு 1990களில் இதைப் பிடித்துக்கொண்டது. நோயாளியின் தலைக்குள்ளிருக்கும் கட்டி, அறுவையில் வெளியே எடுத்த அதே வகைக் கட்டி, சோதனைக்கூடத்தில் வளர்த்த கிருமி என்று மூன்றிலும் நிறமாலை எடுத்து ஒப்பிட்டார்கள். 1996ல் வெளியானது. டி.பி. கட்டியில் கொழுப்புச் சிகரம் ஓங்கி நிற்கும். புழுக்கட்டியில் அப்படி நிற்காது. அமினோ அமிலங்கள், சக்சினேட் போன்றவை தெரியும். பாருங்கள், இங்கேயும் படத்தை நம்பி நிற்கவில்லை. திசுவை எடுத்து வைத்து ஒத்துப்பார்த்த பிறகுதான் பேசினார்கள்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வயல் வேறு, வரப்பு வேறு. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு மில்லிமீட்டர் விவரம் தெரியும். ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கு அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சத்தம் போதாது. மூளையில் தண்ணீரின் பாட்டு மற்றப் பொருட்களின் பாட்டைவிடப் பத்தாயிரம் மடங்கு ஓங்கியிருக்கும். தேர்த் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று கொசு ரீங்காரத்தைக் கேட்கிற மாதிரி. முதலில் தண்ணீரை அடக்க வேண்டும், பிறகு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் பெட்டி போட்டு, அதற்குள்ளிருப்பதை எல்லாம் சேர்த்து, நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நம் புள்ளியோ பல சமயம் ஒரு சென்டிமீட்டர்தான். பெட்டிக்குள் பாதிக்குமேல் பக்கத்து மூளையே இருக்கும். போதாக்குறைக்கு, இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பை ஒட்டி, மண்டை ஓட்டுக்கு அருகில் இருக்கும். மண்டை ஓட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது? தலைத்தோலின் கொழுப்பு! பெட்டி கொஞ்சம் ஒட்டிப் போடப்பட்டால் அந்தக் கொழுப்பின் சத்தம் உள்ளே கசிந்து, டி.பி. கொழுப்பு மாதிரியே வரைபடத்தில் எழுந்து நிற்கும்.

ஒரு ஸ்கேன் சென்டரில் நான் வழக்கமான பராமரிப்புக்குப் போயிருந்தபோது இது நடந்தது. வலிப்பு வந்த ஒரு இளம்பெண். புள்ளி 12 மில்லிமீட்டர். நிறமாலையில் கொழுப்புச் சிகரம் கூரைக்குப் போயிருந்தது. வெளியே அவருடைய அப்பா, டி.பி. என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடமே கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியாலஜிஸ்ட் அம்மாவுக்கு அந்தச் சிகரம் மேல் நம்பிக்கை வரவில்லை. "தம்பி, உங்க மெஷின் சரியாத்தான் இருக்கா?" என்று என்னைக் கூப்பிட்டார். எங்களிடம் ஒரு உருண்டை உண்டு. கால்பந்தைவிடச் சற்றுச் சிறியது. உள்ளே என்.ஏ.ஏ., கிரியேட்டின், கோலின் எல்லாம் தெரிந்த அளவில் கரைத்து வைத்திருக்கும். அதை வைத்து எடுத்துப் பார்த்தோம். எல்லாச் சிகரமும் அதனதன் இடத்தில், அதனதன் உயரத்தில். கொழுப்பு இல்லவே இல்லை. இயந்திரம் சுத்தம். அந்தப் பெண்ணை மறுபடி படுக்க வைத்து, பெட்டியை உட்பக்கமாக நகர்த்தி, தலைத்தோலின் மேல் சத்தத்தை அடக்கும் பட்டைகள் போட்டு, காந்தப்புலத்தை அந்த இடத்துக்கென்று சீராக்கி எடுத்தார்கள். கொழுப்புச் சிகரம் தரையோடு தரையாகிவிட்டது. டாக்டர் அம்மா வேலூர் விதிகளைப் பார்த்து, புழுக்கட்டியாக இருக்கலாம், மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் என்று அறிக்கை எழுதினார். மறு ஸ்கேனில் புள்ளி சுருங்கியிருந்ததைப் பிறகு சொன்னார்கள்.

அந்த அம்மாவின் சந்தேகத்துக்கு விலை போட முடியாது. எங்கள் இயந்திரத்துக்கு விலை உண்டு, சில கோடிகள்.

மூளையின் வளர்சிதை மாற்றம் என்றாலே பலருக்கு பெட் ஸ்கேன் நினைவு வரும். அது நேரடியான கணக்கு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் எரிபொருளில் 20 சதவீதத்தைத் தின்கிறது. கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய சர்க்கரையை ஏற்றினால் எங்கே அதிகம் எரிகிறது, எங்கே குறைகிறது என்று தெரியும். தொல்லை என்னவென்றால், அந்த ஃபுளோரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சென்னையில் தயாரித்து வண்டியில் ஏற்றி, ஆறு மணி நேரத்தில் நம் ஊருக்கு வந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். வழியில் விக்கிரவாண்டியில் டீ குடித்தால் அதுவும் குறையும். ஆகவே கடலோரத்து வலிப்பு நோயாளிக்கு உடனே கைக்கெட்டுகிற கருவி சி.டி.யும், அடுத்ததாக எம்.ஆர்.ஐ.யும்தான். 2022 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனாலும்தான்.

இப்போது மாணவர்களுக்கு. உங்கள் ப்ராஜெக்ட் பட்டியலைத் துறைத்தலைவர் காட்டினார். பாதிக்குமேல் செயற்கை நுண்ணறிவு. மூளை ஸ்கேன் படங்களை இறக்கிக்கொண்டு, கட்டி உண்டா இல்லையா என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது மட்டும் நான்கு குழுக்கள். நல்லது, செய்யுங்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: இந்தப் படத்துக்கு "டி.பி." என்று பெயர் வைத்தது யார், எதைப் பார்த்து? இன்னொரு படத்தைப் பார்த்தா, திசுவைப் பார்த்தா? 1980களின் ஸ்கேன்களை அன்றைய பெயர்களோடு உங்கள் கணினிக்குக் கொடுத்திருந்தால், அது ஒரு தப்பும் விடாமல் அத்தனை புழுக்கட்டியையும் டி.பி. என்று சொல்லியிருக்கும். 99 சதவீதம் துல்லியம் என்று நீங்களும் மலரில் எழுதியிருப்பீர்கள்.

திசுவின் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போய் வாருங்கள். 2022ல் அங்கே தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில், பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் முழு மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொரு சீவலையும் அணு அணுவாக இல்லாவிட்டாலும் செல் செல்லாகப் படம் பிடிக்கிறார்கள். 2024 டிசம்பரில் "தரணி" என்ற பெயரில் கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்தை வெளியிட்டார்கள். 5132 சீவல்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இதில் டாக்டர்களோடு தோளோடு தோள் நிற்பவர்கள் எஞ்சினியர்கள்: சீவுகிற கருவி, உறையவைக்கிற முறை, படங்களை அடுக்குகிற மென்பொருள். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது.

அண்ணன் மணியைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(உரைக்குப் பிறகு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், "சார், நாங்க வீட்டுல சுத்த சைவம். எங்களுக்கு இந்தப் புழு வராதுதானே?" என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதிலையும் சேர்க்குமாறு மலர்க்குழுவினர் கேட்டதால் இங்கே தருகிறேன்.)

வரும்மா. எல்லோரும் குழம்புகிற இடம் இது. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. அது மூளைக்குப் போகாது. ஆனால் அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவர் மூளைக்குத்தான் இளம்புழு போகிறது. வாய்க்கால் கரையில் ஒதுங்குகிறார்கள், மழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் கீரைப்பாத்திக்குப் பாய்கிறது, கீரையை அரைகுறையாக அலசி நாம் தின்கிறோம். இல்லாவிட்டால் கை கழுவாத ஒருவர் நமக்குச் சாதம் பரிமாறுகிறார். பன்றி வளர்க்கிறவர்கள் மேல் பழி போடவும் வேண்டாம். பன்றிக்கே அது மனிதனிடமிருந்துதான் போகிறது.

வேலூர் டாக்டர்கள் பிறகு ஊர் ஊராகப் போய் வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்தார்கள். 2006ல் வெளியானது. ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு இருந்தது. சோதித்துப் பார்த்த வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. ஆக, வீட்டில் ஒருவருக்கு இப்படிப் புள்ளி வந்தால் அவரோடு மட்டும் நிற்காமல், வீட்டிலும் சமையல்கட்டிலும் யாருக்காவது குடலில் நாடாப்புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டாக்டர் கொடுக்கிற மாத்திரையில் போய்விடும். அப்புறம், யாருக்காவது உங்கள் எதிரில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.